குறி தப்பாது... பர்ஸ் தப்புமா?

உங்கள் ஆபீஸில் நிச்சயம் இப்படி ஒருத்தர் இருப்பார். அப்பா காலத்து யெஸ்டியோ ராஜ்தூத்தோ வைத்திருப்பார். இந்த மாசம் கார்புரேட்டர், அடுத்த மாசம் சைலன்ஸர், தீபாவளி போனஸில் புது ஸீட்டு, பொங்கலுக்கு பெயிண்ட். "இதுவரைக்கும் ஆன செலவுக்குப் புது வண்டியே வாங்கியிருக்கலாமே ஸார்?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. மனுஷன் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விடுவார்.

அமெரிக்காவிலும் அந்த மனுஷர் இருக்கிறார். கையில் பைக்குக்குப் பதில் ரைஃபிள். அவ்வளவுதான் வித்தியாசம்!

சனிக்கிழமையானால் கிளப்புக்குப் போய் காகிதத்தில் ஓட்டை போடுவது அங்கே சாதாரண பொழுதுபோக்கு. நம்ம ஊரில் கேரம் போர்டு, ஷட்டில் காக் மாதிரி. அந்தக் கூட்டத்தில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் பட்டிமன்றம் ஒன்று உண்டு. தலைப்பு: "கையில் இருக்கிற சாதா .22 ரைஃபிளைப் பார்ட் பார்ட்டாக மாற்றி உயர்த்துவதா? இல்லை, போட்டிக்கென்றே ஃபாக்டரியில் செய்த டார்கெட் மாடலை ஒரேயடியாக வாங்கிவிடுவதா?"

நடுவர் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். இரண்டு அணியின் வாதத்தையும் சொல்கிறேன்.

விளிம்பில்தான் விஷயமே

முதலில் .22 என்றால் என்ன? குழல் வாயின் விட்டம் ஓர் அங்குலத்தில் நூறில் 22 பங்கு. ரிம்ஃபயர் என்றால்? பெரிய தோட்டாக்களில் பின்பக்கம் நட்டநடுவே குட்டியாக ஒரு கிண்ணம் இருக்கும். ஊசி அதைத் தட்டினால் வெடிக்கும். .22-இல் அந்தக் கிண்ணமே கிடையாது. வெடிமருந்துக்குத் தீ வைக்கிற ரசாயனத்தைப் பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே தடவியிருப்பார்கள். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால், டப்!

இதிலே ஒரு சௌகரியம், ஓர் அசௌகரியம். ஊசியால் நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் அழுத்தம் அதிகம் தாங்காது. அதனால் சத்தம் குறைவு, தோளில் உதையும் குறைவு, விலையும் மலிவு. புதுசாகக் கற்பவனுக்கு லட்டு மாதிரி. அசௌகரியம் என்னவென்றால், சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்ப முடியாது. பெரிய ரைஃபிள்காரர்கள் வீட்டிலேயே மருந்தை எடைபோட்டு, தன் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி தோட்டா தயார் பண்ணிக்கொள்வார்கள். .22 காரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கம்பெனி டப்பாவில் என்ன வருகிறதோ அதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி வேலை இருக்கிறது.

இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. நூற்றாண்டைத் தாண்டியும் ரிடையர் ஆகாத உத்தியோகஸ்தர். குண்டின் எடை சாதாரணமாக 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். ஒரு சவரனில் மூன்றில் ஒரு பங்கு!

பிரிச்சு மேயலாம் வாங்க

இந்தப் பட்டிமன்றத்தின் கதாநாயகன் ரூகர் 10/22. அமெரிக்காவின் ஸ்டர்ம் ரூகர் கம்பெனி 1964-இல் கொண்டுவந்த ரைஃபிள். பத்துத் தோட்டா பிடிக்கும், .22 சைஸ். பெயர் வைக்கிறதுக்கு ஜோசியரிடம் எல்லாம் போகவில்லை. இதுவரை ஐம்பது லட்சத்துக்கும் மேலே விற்றுத் தீர்ந்திருக்கிறது. தாத்தா வாங்கினது, அப்பா சுட்டது, பேரன் தோளில் என்று பல வீடுகளில் மூன்று தலைமுறையாக ஓடுகிறது.

இதை வடிவமைத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, ஒரு காரியம் பண்ணிவிட்டார்கள். பொதுவாகத் துப்பாக்கியின் குழலைக் கழற்ற வேண்டுமென்றால் பட்டறைக்குப் போகவேண்டும். மரை போட்டு இறுக்கியிருப்பார்கள். 10/22-இல் குழலைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கட்டையும் இரண்டே இரண்டு ஸ்க்ரூவும். சமையலறை மேஜையில் வைத்து, பெண்டாட்டி தோசை வார்த்து முடிப்பதற்குள் குழலை மாற்றிவிடலாம்.

இன்னொரு வசதி சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி நம்பர் அடித்திருக்கும் நடு உடம்புதான் 'துப்பாக்கி'. குழல், விசை, மரக்கட்டை எல்லாம் வெறும் உதிரிபாகம். சட்டை, பனியன் மாதிரி தபாலில் வரவழைக்கலாம்.

விடுவார்களா வியாபாரிகள்? குழல் செய்ய ஒரு கம்பெனி, ட்ரிகர் செய்ய ஒரு கம்பெனி, கலர் கலராகக் கட்டை செய்ய நாலு கம்பெனி என்று ஒரு தொழிலே முளைத்துவிட்டது. ரூகர் கம்பெனியின் பெயர்கூட இல்லாமல், முழுக்க முழுக்க வெளிப்பார்ட்டுகளை வைத்தே ஒரு '10/22' கட்டிவிடலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது. மாமியார் வீட்டுச் சமையலில் மாமியார் மட்டும் இல்லாத கதை!

முதல் அணி: "இருக்கிறதைத் திருத்து!"

இவர்களுடைய வாதத்தில் நியாயம் இருக்கிறது. கேளுங்கள்.

கடையில் வாங்கின சாதா 10/22-இல் முதல் குறை விசை. சுமார் இரண்டரைக் கிலோ பலத்தோடு இழுத்தால்தான் விடும். துப்பாக்கியின் மொத்த எடையே ஏறக்குறைய அவ்வளவுதான்! தன் எடைக்குச் சமமான பலத்தில் ஒரு சாமானை இழுத்தால் அது ஆடாமல் என்ன பண்ணும்? குறி மாட்டு வண்டி மாதிரி அசையும். இதைத் தெரிந்துகொண்டு ரூகர் கம்பெனியே 'பி.எக்ஸ். ட்ரிகர்' என்று இலகுவான ஒன்றைத் தனியாக விற்கிறது. அதற்கு ஒண்ணேகால் கிலோ பலம் போதும். விலை சுமார் 90 டாலர். மாட்டின அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது குறை தோட்டா உட்காரும் அறை. எந்தக் கடைத் தோட்டாவைப் போட்டாலும் சிக்காமல் ஓடவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் லூஸாகக் குடைந்திருப்பார்கள். ஒரு சைஸ் பெரிய செருப்பு மாதிரி. நடக்கலாம், ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க முடியாது. இறுக்கமான அறையோடு கனமான குழல் மாற்றினால் குண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கிளம்பும்.

மூன்றாவது, மரக்கட்டை. கன்னம் எங்கே படவேண்டுமோ அங்கே படாது. உயரமான டெலஸ்கோப் வைத்தால் கழுத்தை ஒட்டகமாக நீட்டவேண்டும்.

"ஒவ்வொண்ணா மாத்துவேன் ஸார். மாசச் சம்பளக்காரன் நான். மொத்தமா ஆயிரம் டாலர் எங்கே போவேன்? இந்த மாசம் ட்ரிகர், அடுத்த வருஷம் குழல். தவிர, இது எங்க தாத்தா ரைஃபிள். அதை எடுத்துச் சுடும்போது கிடைக்கிற சந்தோஷம் புதுசுல வருமா?" என்கிறார் முதல் அணித் தலைவர். கைதட்டல்.

இரண்டாம் அணி: "கணக்கை எடு!"

இரண்டாம் அணித் தலைவர் ஏதோ ஆடிட் ஆபீஸில் வேலை பார்ப்பவர் போலிருக்கிறது. பேப்பர், பேனாவோடு வந்திருக்கிறார். விலை கடைக்குக் கடை மாறும், நான் உத்தேசமாக உருண்டைக் கணக்குதான் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறார்.

சாதா ரைஃபிள்: 350 டாலர்.
நல்ல கனமான குழல்: 250.
ட்ரிகர்: 90.
கட்டை: 200.
சில்லறைச் சாமான்கள்: 60.

ஆக மொத்தம் 950 டாலர். டெலஸ்கோப்பை இரண்டு பக்கத்திலும் சேர்க்கவில்லை.

இப்போது ஃபாக்டரி பக்கம் வாருங்கள். அதே ரூகர் கம்பெனி 10/22-ஐ டார்கெட் மாடலாகவே விற்கிறது. நல்ல குழல், சில மாடல்களில் அந்த பி.எக்ஸ். ட்ரிகரே பொருத்தி வரும். சுமார் 700 டாலர். ஸெக் நாட்டின் சி.இஸட். கம்பெனி 457 என்றொரு ரைஃபிள் செய்கிறது. அதில் போட்டிக்கான இறுக்கமான அறை கொண்ட மாடல் சுமார் 800 டாலர். விசையின் கனத்தை நாமே கூட்டலாம், குறைக்கலாம்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? 350 டாலர் ரைஃபிளுக்கு 600 டாலர் சுமைகூலி! இது போக, கழற்றிப் போட்ட பழைய குழல், பழைய கட்டை, பழைய ட்ரிகர் எல்லாம் பரண்ல ஒரு பெட்டியில தூங்குது. அதை யார் வாங்குவா? நாளைக்கு மொத்த ரைஃபிளை விக்கப் போனாலும், வாங்க வர்றவன் 'நீங்க வீட்ல கழட்டி மாட்டினதாச்சே'ன்னு விலையைக் குறைப்பான். ஃபாக்டரி மாடலுக்கு வாரண்டி உண்டு. ஒரு பார்ட்டுக்கு இன்னொரு பார்ட் பொருந்துமாங்கிற தலைவலி கம்பெனியோடது."

பலத்த கைதட்டல்!

அவர் இன்னொரு நுணுக்கத்தையும் சொல்கிறார். இரண்டே ஸ்க்ரூவில் குழலைக் கழற்றலாம் என்று பெருமையாகச் சொன்னோமே, அதிலேயே ஒரு வம்பு இருக்கிறது. 10/22-இன் நடு உடம்பு அலுமினியம். மெல்லிசான குழலுக்காகச் செய்த இடத்தில் தடிமனான இரும்புக் குழலைத் தொங்கவிட்டால் முனை லேசாகத் தலை குனியும். புதுப் பெண் மாதிரி! அதை நிமிர்த்த கட்டையிலே ஒரு வேலை, கீழே ஒரு வேலை. ஒரு பார்ட்டை மாற்றப் போய் மூன்று பார்ட்டுக்குச் செலவு.

மேலும் 10/22 தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். அறையை ரொம்ப இறுக்கினால் தோட்டா சிக்கும். அதனால் அதற்கென்று செய்யும் நல்ல குழல்களில்கூட இறுக்கத்தைக் கொஞ்சம் விட்டுத்தான் குடைகிறார்கள். கையால் தாழ்ப்பாள் இழுத்து ஏற்றும் 457 மாதிரியான போல்ட் ரகத்துக்கு இந்தக் கவலை இல்லை. ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியிலும் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுத்தான் சுடவேண்டும். எனவே எவ்வளவுதான் இழைத்தாலும் 10/22 அந்த வாசற்படி ஏறாது.

யானை வாங்கியவரே, அங்குசம்?

இரண்டு அணியும் காரசாரமாகப் பேசியதில் ஒரு முக்கியமான பார்ட்டியை மறந்துவிட்டார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே... தோட்டா!

ஒலி காற்றில் போகும் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். சந்தையில் கிடைக்கும் 'ஹை வெலாசிட்டி' தோட்டா அதைவிட வேகமாகக் கிளம்பும். போகப் போக வேகம் குறைந்து, ஒலியின் வேகத்தைக் கீழ்நோக்கிக் கடக்கும் இடத்தில் குண்டு லேசாகத் தள்ளாடும். ராத்திரி பதினோரு மணிக்கு டாஸ்மாக் வாசலைக் கடப்பவர் மாதிரி. அதனால்தான் போட்டிக்காரர்கள் வினாடிக்கு 325 மீட்டர் வாக்கில் போகும் நிதானமான தோட்டாவையே விரும்புகிறார்கள். வேகமாகப் போவதைவிட ஒரே மாதிரி போவது முக்கியம்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஈலி கம்பெனி, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று இதில் ஜாம்பவான்கள் இருக்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் ஒவ்வொரு லாட்டும் கொஞ்சம் வித்தியாசமாகச் சுடும். உங்கள் ரைஃபிளுக்குப் பிடித்த லாட் என் ரைஃபிளுக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் ரைஃபிள் வாய் திறந்து சொல்லாது. சுட்டுத்தான் பார்க்கவேண்டும். பெரிய வீரர்கள் தங்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கே போய், ஒவ்வொரு லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பொருந்துகிற லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஜாதகப் பொருத்தம்தான், வேறென்ன?

ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 100 தோட்டா பழகுகிறவர். நடுத்தரமான தோட்டா 50 போட்ட டப்பா 9 டாலர் என்று வையுங்கள். வாரத்துக்கு 18. வருஷத்துக்கு 936 டாலர்! மேலே இரண்டாம் அணித் தலைவர் கூட்டிக் காட்டின மொத்த ரைஃபிளின் விலைக்கு 14 டாலர்தான் குறைச்சல். அதாவது, ரைஃபிளுக்கு என்ன செலவழித்தாலும் ஒரே வருஷத்தில் தோட்டா அதை எட்டிப் பிடித்துவிடும்.

250 டாலர் குழலை மாற்றிவிட்டு, இருக்கிறதிலேயே மட்டமான மூட்டைத் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறவர்கள் அங்கே ஏராளம். பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு ரப்பர் செருப்பில் கல்யாணத்துக்குப் போவது போல. எந்தப் பார்ட்டையும் வாங்குவதற்கு முன்னால் நாலைந்து ரகத் தோட்டாவை ஒவ்வொரு டப்பா வாங்கி, தாங்கு மேடையில் வைத்துச் சுட்டுப் பார்த்தால் போதும். நாற்பது ஐம்பது டாலரில் முடிகிற வேலை. பல பேருக்குப் பட்டிமன்றமே அங்கே முடிந்துபோகும்!

பர்ஸுக்குள் ஒரு போட்டோ

இன்னொரு வேடிக்கை. ஐந்து குண்டு சுட்டு அது எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று அளப்பதை 'க்ரூப்' என்பார்கள். மேட்டர் என்னவென்றால், சுமாரான ரைஃபிள்கூட எப்போதாவது ஒருநாள் ஐந்தையும் ஒரே ஓட்டையில் போட்டுவிடும். உடனே நம்மாள் அந்தக் காகிதத்தைக் கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். அமெரிக்காவில் இதற்கு 'வாலட் க்ரூப்' என்றே பெயர்.

அதற்கு முன்னும் பின்னும் சுட்ட இருபது காகிதங்கள் எங்கே என்று கேட்காதீர்கள். குப்பைக் கூடையில். பத்தாம் வகுப்பில் கணக்கில் ஒருதடவை நூறு வாங்கியதை முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மாமாவைப் போல.

புது குழல் மாட்டினால் நன்றாகச் சுடுகிறதா என்று பார்க்க ஒரு க்ரூப் போதாது. மாற்றுவதற்கு முன் பத்து, மாற்றின பின் பத்து, அதே தோட்டா, அதே தூரம். நல்லது, கெட்டது எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கவேண்டும். அப்போதுதான் செலவழித்த பணம் குழலுக்குள் போயிற்றா, காற்றில் போயிற்றா என்று தெரியும். இந்தக் கணக்கைப் போடாதவர்களை நம்பித்தான் உதிரிபாக வியாபாரம் பாதி ஓடுகிறது.

இரவல் ரைஃபிள், தங்க மெடல்

இதற்கு நடுவில் ஒரு நிஜக் கதை. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டீர்கள்.

மாத்யூ எம்மன்ஸ், அமெரிக்க வீரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு, பயிற்சி மையத்தில் வைத்திருந்த அவருடைய ரைஃபிளை எவனோ புண்ணியவான் நாசம் பண்ணிவிட்டான். வருஷக்கணக்கில் தன் கன்னத்துக்கும் தோளுக்கும் விரலுக்கும் ஏற்றபடி இழைத்து வைத்திருந்த ரைஃபிள்! வேறு ஆளாக இருந்தால் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எம்மன்ஸ் இன்னொருவரின் ரைஃபிளை இரவல் வாங்கிக்கொண்டு ஏதென்ஸ் போனார். 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் அடித்தார்.

கதை முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மூன்று நிலைப் போட்டி. கடைசி குண்டுக்கு முன் மூன்று பாயிண்ட் முன்னிலை. சுமாராகச் சுட்டாலே இரண்டாவது தங்கம். சுட்டார். போர்டில் நம்பரே வரவில்லை. என்னடா என்று பார்த்தால், பக்கத்து ஆளின் இலக்கில் சுட்டுவிட்டார்! மார்க் பூஜ்யம். முதலிடத்திலிருந்து எட்டாமிடம்.

2008 பெய்ஜிங். அதே போட்டி, அதே கடைசி குண்டு, மறுபடியும் முன்னிலை. இந்தத் தடவை தயாராவதற்கு முன்னாலேயே விசையில் விரல் பட்டுவிட்டது. 4.4 பாயிண்ட். நாலாமிடம். கடைசியில் 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். மனுஷனுடைய நெஞ்சுரத்துக்குத் தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

(காதல் பகுதி இல்லாமல் கட்டுரையை முடித்தால் வாசகர்கள் கோபிப்பார்கள். ஏதென்ஸில் அந்தப் பூஜ்யம் வாங்கின சோகத்தில் இருந்த எம்மன்ஸிடம் ஆறுதல் சொல்ல வந்தார் ஸெக் நாட்டுத் துப்பாக்கி வீராங்கனை கேதரினா. 2007-இல் கல்யாணம். பெய்ஜிங்கின் முதல் தங்கப் பதக்கத்தை வென்றவர் அந்த அம்மணிதான்!)

இந்த மனிதரின் கதையில் ரைஃபிள் எந்த இடத்தில் உதவியது, எந்த இடத்தில் கவிழ்த்தது என்று யோசித்துப் பாருங்கள். இரவல் ரைஃபிளில் தங்கம் வந்தது. பறிபோன இரண்டு தங்கத்துக்கும் எந்தப் பார்ட்டும் காரணமில்லை. அதேசமயம், அந்த இரவல் ரைஃபிளும் போட்டித் தரத்தில் செய்ததுதான். ஏதோ சந்தைக் கடைச் சரக்கில்லை. ஒரு தரத்துக்குக் கீழே ரைஃபிள் நம்மை இழுக்கும். அந்தத் தரத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் நம் கையில்.

அந்தத் தரம் எவ்வளவு? ஒலிம்பிக் 50 மீட்டர் இலக்கில் பத்து பாயிண்ட் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லி மீட்டர். உங்கள் சட்டைப் பித்தானைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐம்பது மீட்டர் தள்ளி அந்தப் பித்தானைத் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும்.

நம்ம பக்கம்

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம். நமக்கென்ன?" என்கிறீர்களா? இருக்கிறது.

2012 லண்டனில் படுத்துச் சுடும் 50 மீட்டர் போட்டியில் கொல்கத்தாவின் ஜாய்தீப் கர்மாகர் நாலாவதாக வந்தார். வெண்கலத்துக்கு 1.9 பாயிண்ட் குறைவு. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பாரிஸில் மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 பாயிண்டோடு வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் மெடல். சுட்டது இதே .22 ரிம்ஃபயர்தான்.

அப்போது அவருடைய உத்தியோகம்? மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்! தோனியும் ஒரு காலத்தில் கரக்பூரில் அதே வேலை பார்த்தவர்தானே. இனிமேல் ரயிலில் டி.டி.ஆர். டிக்கெட் கேட்டால் மரியாதையாக எடுத்துக் காட்டுங்கள். எதிர்காலத்தில் யார் என்னவாக வருவாரோ!

ஆனால் ஒன்று. சமையலறை மேஜையில் குழல் மாற்றுகிற வேலை நம் நாட்டில் நடக்காது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி ரைஃபிள் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி செய்ய, விற்க, மாற்ற, ரிப்பேர் பண்ணவும் தனி லைசென்ஸ் வேண்டும். ஆசைக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் கம்பி எண்ணவேண்டியதுதான். இங்கே ஆசையுள்ளவர்களுக்குச் சரியான வழி, முறையான ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து கிளப் ரைஃபிளில் கற்றுக்கொள்வது.

அமெரிக்காவிலும் ஒரு விஷயத்தில் அனுபவசாலிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். விசை இலகுவாக வேண்டுமென்று அரத்தை எடுத்து உள்ளே தேய்க்கக் கூடாது. மில்லி மீட்டரில் ஒரு துளி அதிகம் தேய்ந்தாலும், கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே துப்பாக்கி வெடித்துவிடும். செய்து வைத்த முழு ட்ரிகரை வாங்கு, அல்லது தொழில் தெரிந்தவரிடம் கொடு. மூன்றாவது வழி கிடையாது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு?

நீங்கள் எழுதுவதற்கு முன் என் குறிப்பு:

உங்கள் சந்தோஷம் கழற்றி மாட்டுவதிலேயே இருக்கிறதா? தாராளமாகத் திருத்துங்கள். 950 டாலரில் 600 டாலர் பொழுதுபோக்குச் செலவு என்று மனதறிந்து செய்யுங்கள். 'பணத்தை மிச்சம் பிடிக்கிறேன்' என்று மட்டும் வீட்டம்மாவிடம் சொல்லாதீர்கள். அவர் கூட்டல் கணக்கில் உங்களைவிடக் கெட்டிக்காரர்.

ரைஃபிள் நன்றாகத்தான் சுடுகிறது, இன்னும் கொஞ்சம் முன்னேறவேண்டும், அவ்வளவுதானா? முதலில் தோட்டாச் சோதனை. அடுத்து ட்ரிகர். அத்தோடு நிறுத்துங்கள். ஒரு பார்ட் மாற்றினால் திருத்தம். விசை, குழல், கட்டை மூன்றையும் மாற்றவேண்டும் என்று தோன்றுகிறதா? அப்படியானால் உங்களுக்கு வேண்டியது வேறு ரைஃபிள். நேரே ஃபாக்டரி டார்கெட் மாடலுக்குப் போங்கள். பழையதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தாத்தாவும் சந்தோஷப்படுவார்.

போட்டி, ஸ்கோர், மெடல் என்று கனவா? அமெரிக்கக் கிளப்புகளில் விஷயம் தெரிந்தவர்கள் கையாளும் ஒரு யுக்தி இருக்கிறது. ஜெர்மனியின் உல்ம் நகரில் அன்ஷூட்ஸ் கம்பெனி இருக்கிறது. 1856-இல் ஆரம்பித்த குடும்பக் கம்பெனி. ஒலிம்பிக் மேடைகளில் கணக்கில்லாத மெடல்களைப் பார்த்த பெயர். புதுசு யானை விலை. ஆனால் முப்பது நாற்பது வருஷப் பழசு, யாரோ ஒரு கிளப்காரர் விற்றது, நியாயமான விலையில் கிடைக்கும். .22 குண்டு மெதுவான ஈயக்குண்டு என்பதால் குழல் லேசில் தேயாது. பல்லாயிரம் குண்டுக்கு அப்புறமும் பித்தானை அடிக்கும். புதுசு வேண்டுமா, பழசைத் திருத்தலாமா என்கிற பட்டிமன்றத்தில் 'நல்ல பழசை வாங்கு' என்று ஒரு மூன்றாவது அணியும் இருக்கிறது, பாவம், அவர்களுக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை.

எந்த அணியில் சேர்ந்தாலும் வாங்கும்போதே மொத்தப் பணத்தில் பாதியைத் தோட்டாவுக்கென்று தனிக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். அந்தக் கவர் காலியாகிறவரை புது பார்ட் கேட்டலாக்கைத் தொடக்கூடாது. காலியானதும் எடுத்துப் பாருங்கள். முன்பு அவசியம் என்று வட்டம் போட்டு வைத்த சாமான்களில் பாதி இப்போது அநாவசியமாகத் தெரியும்.

மீதிப் பாதிக்கு? அடுத்த மாசச் சம்பளம் வரட்டும் ஸார்!